வீவக வான்தோட்டங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கிப் போகும் உறவினர்கள், வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள், முதல் வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகும் இளம் தம்பதிகள் என மூன்று வகையினரும், அரசாங்கக் குடியிருப்புகளான வீவக அடுக்குமாடிகளின் வான்தோட்டங்களைப் பற்றி என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். நான் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் நெடுநாளாகக் குடியிருப்பவள். எங்கள் புளோக்கில், அதாவது எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டு வான்தோட்டங்கள் இருக்கின்றன. வசிப்போர் குழுவில் இருப்பதால் அவற்றைப் பற்றிய பாராட்டும் புகாரும் என்னிடம்தான் முதலில் வந்து சேரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

வான்தோட்டம் என்றால் மொட்டை மாடியில் தொட்டி வைப்பதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

மொட்டை மாடித் தோட்டமும் அதில் ஒரு வகை. ஆனால் பெயருக்கு உரியது நடுமாடித் தோட்டம். உயர்ந்த கட்டடத்தின் இடையில் ஒரு தளத்தில் வீடு கட்டாமல் திறந்து விட்டு, மண் நிரப்பி, மரம் நட்டு, உட்கார இடமும் நடக்கப் பாதையும் அமைத்துவிடுகிறார்கள். மேலேயும் வீடுகள், கீழேயும் வீடுகள், நடுவில் காற்றோடும் முற்றம்.

அது எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமானதல்ல. புளோக்கில் குடியிருக்கும் எல்லாருக்கும் பொது. சொந்தப் பால்கனிக்கும் வான்தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல பதில்கள் எளிதில் விளங்கும்.

அரசாங்க வீடு என்கிறீர்கள். அப்படியானால் ஏழைகளுக்கு மட்டும்தானே?

இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வீவக என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பேருந்து ஓட்டுநரும் ஆசிரியரும் பொறியாளரும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகை வீடுகள் தனியே உண்டு. ஆனால் பத்தில் ஒன்பது குடும்பங்கள் தங்கள் வீட்டை 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கியவை. மாதத் தவணையைப் பெரும்பாலோர் தங்கள் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து கட்டுகிறார்கள். அந்த வழி 1968இல் திறக்கப்பட்டது.

நாலறை வீடு என்றால் நான்கு படுக்கையறை என்று நினைத்துவிட வேண்டாம். வரவேற்பறையையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். நாலறை என்றால் படுக்கையறை மூன்று.

இவ்வளவு உயரத்துக்கு ஏன் போனார்கள்? தாழ்வான வீடுகளாகக் கட்டியிருந்தால் தோட்டம் தரையிலேயே இருந்திருக்குமே?

நியாயமான கேள்வி. நாடு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதற்குள் வீடு மட்டுமல்ல, விமான நிலையம், துறைமுகம், நீர்த்தேக்கங்கள், ராணுவப் பயிற்சி நிலம், தொழிற்பேட்டைகள் எல்லாமே அடங்க வேண்டும். 2024இல் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் தொடக்கத்தில் உயரத்துக்குத் தள்ளியது அவசரம். 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பிடித்த தீ ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் தெருவில் நிறுத்தியது. அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த வேகத்தில்தான் வீவக மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. அதற்கும் முன்பே, 1956இல், எங்கள் குவீன்ஸ்டவுனில் ஃபார்ஃபர் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடம் எழுந்திருந்தது. ஹொக்கியன் மொழியில் அதைச் 'சாப் சி லாவ்' என்பார்கள். பதினான்கு மாடி என்பதுதான் பொருள். இன்று அது இல்லை. பெயரை மட்டும் முதியவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கம்பம் என்று இங்கே சொல்லும் கிராமத்து வீடுகளிலிருந்து மாடிக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் கிடைத்தன. வாசல் முற்றம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டு ஓரளவு ஈடு செய்தார்கள். மலாய்த் திருமணம், சீனர் வீட்டு இழவு, நம் வீட்டுக் காரியம் எல்லாமே நகர மன்றத்தின் அனுமதியோடு இன்றும் அங்கேதான் நடக்கின்றன. ஆனால் 10 மாடி 50 மாடியானபோது, நாற்பதாவது மாடியில் இருப்பவருக்கு அந்தக் கீழ்த்தளம் வேறு ஊர் போலாகிவிட்டது. முற்றத்தை வீட்டுக்கு அருகே மேலே கொண்டுபோக வேண்டிய தேவை அங்கிருந்துதான் வந்தது.

பினக்கல் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

தஞ்சோங் பகார் வட்டாரத்தில், கண்டோன்மென்ட் சாலையில் இருக்கும் 'பினக்கல் அட் டக்ஸ்டன்' 2009 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. 50 மாடிகள் கொண்ட 7 புளோக்குகள், 1,848 வீடுகள். வீவக வரலாற்றில் 50 மாடியைத் தொட்ட முதல் குடியிருப்பு அது. வீவக 1960களின் தொடக்கத்தில் அங்கே எழுப்பிய இரண்டு 10 மாடிப் புளோக்குகளை இடித்துவிட்டு அதே மண்ணில் இதைக் கட்டினார்கள். வடிவமைப்பை அனைத்துலகப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏழு புளோக்குகளும் 26ஆவது மாடியிலும் 50ஆவது மாடியிலும் பாலத்தோட்டங்களால் இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 மீட்டர் நீளம். முதல் புளோக்கில் மேலே ஏறி, தரையைத் தொடாமலே நடந்து, ஏழாவது புளோக்கில் இறங்கலாம். முதன்முறை அங்கே நடந்தபோது ஒரு பக்கம் கப்பல்துறையும் மறுபக்கம் சைனாடவுன் ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன. ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு மாறிவிட்டது என்று அங்கே நின்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அங்கே யார் வேண்டுமானாலும் போகலாமா? கட்டணம் உண்டா?

50ஆவது மாடிக்குப் போகலாம். வெளியாருக்கு 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. 26ஆவது மாடியில் ஓட்டப்பாதையும் உடற்பயிற்சி இடமும் இருக்கின்றன, ஆனால் அது குடியிருப்பவர்களுக்கு மட்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியென்றே படுகிறது. வீட்டு வாசலுக்கு எதிரே நாள் முழுவதும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அங்கே வாழ்பவர் எப்படி உட்கார்ந்து பேசுவார்?

செலவில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். ஸ்கைவில் அட் டாசனின் 47ஆவது மாடிப் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே 400 மீட்டர் நடைப்பாதை உண்டு. சத்தமில்லாமல் நடந்துவிட்டு வாருங்கள், அதுவும் பலருடைய வீட்டுக் கூரைதான்.

டாசனில் 'வான்கிராமம்' என்கிறார்களாமே? கிராமத்துக்கும் 47 மாடிக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கைவில் 2015இல் முடிந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த வோஹா கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. மொத்தம் 960 வீடுகள். அவற்றை 80 வீடுகள் கொண்ட கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொதுத் தோட்டம் கொடுத்தார்கள். 11 மாடிக்கு ஒரு தோட்டம். 12 கூட்டங்கள், அவற்றைத்தான் வான்கிராமம் என்கிறார்கள்.

இதன் சூட்சுமம் அந்த 80 என்ற எண்ணில் இருக்கிறது. 960 குடும்பங்களுக்கு ஒரே தோட்டம் என்றால் அது பூங்கா. யாரும் யாரையும் அறிய மாட்டார்கள். 80 என்றால் முகம் பதியும். மூன்றாவது வாரம் தலையசைப்பு, மூன்றாவது மாதம் பெயர், ஒரு வருடத்தில் அவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது வரை தெரிந்துவிடும். வடிவமைத்தவர்கள் கட்டடத்தின் அழகுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு அந்தக் கட்டடத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று, அங்கே தோட்டங்களும் நடைவழிகளும் திறந்தவை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். குளிரூட்டி இல்லாத பொது இடத்தில் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தது போல உட்கார முடிகிறது.

உண்மையைச் சொல்லுங்கள். அங்கே யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா, இல்லை படத்துக்கு மட்டும்தானா?

பேசுகிறார்கள், ஆனால் எல்லாத் தோட்டத்திலும் இல்லை. எங்கள் புளோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டம் மின்தூக்கிக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. இன்னொன்று மேலே, கடைசிக் கோடியில், கனமான கதவு ஒன்றைத் தள்ளித் திறந்து போக வேண்டும். இரண்டாவதில்தான் செடிகள் அழகு, காட்சியும் அங்கேதான் நன்றாகத் தெரியும். ஆனால் ஆள் இருப்பது முதலாவதில்.

மாலை ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். மின்தூக்கியைப் பார்த்தபடி போட்டிருக்கும் பெஞ்சில் மலாய்ப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு தட்டு, தட்டில் தவ்கே எனப்படும் முளைப்பயறு. ஒவ்வொன்றாக வால் கிள்ளிக்கொண்டே இருப்பார். மின்தூக்கி திறக்கும்போதெல்லாம் தலை நிமிரும். பள்ளிப் பையோடு வரும் பிள்ளைகளிடம் சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்பார். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் வந்து நிற்பார். நான் கையில் காய்கறிப் பையோடு ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன். அந்தப் பாட்டி இரண்டு நாள் அங்கே வரவில்லை என்றதும் போய்க் கதவைத் தட்டியது அந்தத் தாத்தாதான். பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, காலை ஊன்ற முடியாமல் படுத்திருந்தார்.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: தோட்டம் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள், வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடிப் போக வேண்டிய தோட்டத்துக்கு முதல் மாதம் போவோம், பிறகு விருந்தினர் வந்தால்தான் போவோம்.

அந்தத் தளத்திலும் வீடு கட்டினால் இன்னும் நூறு குடும்பங்களுக்கு இடம் கிடைக்குமே? இது வீண் அல்லவா?

வீட்டுக்காகக் காத்திருப்பவர் இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. அதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. ஒரு நிலத்தில் மொத்தம் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. வரையறுத்த முறைப்படி திறந்து விடப்பட்ட வான்தோட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே தோட்டத்துக்காக வீட்டின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. கட்டடம் சற்று உயர்கிறது, அவ்வளவுதான். உயரும் செலவு உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

2009இலிருந்து உயர்மாடிப் பசுமைக்கென்றே திட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. 2030க்குள் கட்டடங்கள் மீது 200 ஹெக்டர் பசுமை என்பது நாட்டின் இலக்கு.

நாற்பதாவது மாடியில் மரம் எப்படி நிற்கிறது? ஒரு பெரிய காற்று அடித்தால் விழாதா?

முதலில் எடை. நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை முதல் 2 டன் வரை இருக்கும். சாதாரண வீட்டு அறையின் தரை, மனிதர்களையும் சாமான்களையும் தாங்க ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்று கணக்கிடப்படும். ஒரு மீட்டர் ஆழ மண்ணே அதைப் போல் பத்து மடங்கு கனம். அதனால் வான்தோட்டம் என்பதைக் கட்டடம் வரையும்போதே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் ஒரு மாடியில் மண்ணைக் கொட்டி உருவாக்க முடியாது. பெரும்பாலும் எடை குறைந்த மண்கலவையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மண்ணுக்கு அடியில் அடுக்கு அடுக்காக வேலை இருக்கிறது. கான்கிரீட் மீது நீர்க்கசிவுத் தடுப்புப் படலம், அதன்மேல் வேர் துளைக்காத விரிப்பு, பிறகு தண்ணீர் ஓட இடம் விடும் அடுக்கு, அதன்மேல் மண் கரைந்து போகாமல் வடிகட்டும் துணி, கடைசியில்தான் மண். இதில் ஒன்று கெட்டாலும் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்.

எங்கள் தோட்டத்தைப் பராமரிக்க வரும் ஊழியர் ஆலங்குடிப் பக்கத்துக்காரர். என்னை அக்கா என்றுதான் அழைப்பார். ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவர் காகிதப்பூச் செடியைத் தொடாமல், மூலையில் இருந்த சிறு இரும்புக் கம்பி வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கைவிட்டு ஒரு பிடி கருத்த இலைச்சேற்றை எடுத்துக் காட்டினார். செடி வாடினால் பத்து நாளில் வேறு செடி வைத்துவிடலாம், இந்த ஓட்டை அடைத்தால் மூன்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று விளக்கினார். அது எவ்வளவு சரி என்பது அதற்கு முந்திய ஆண்டு எனக்குத் தெரிந்திருந்தது. அப்போது வேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் வடிகாலைக் கவனிக்காமல் விட்டதால் ஒரே மழையில் தோட்டம் குளமாகி, மின்தூக்கி முகப்பு வரை தண்ணீர் வந்துவிட்டது.

காற்றுக்கு வருகிறேன். உயரமான பகுதியில் குடை போல் விரியும் பெரிய மரங்களை வைப்பதில்லை. குட்டையாக நின்று, வறட்சியும் காற்றும் தாங்கும் வகைகளே அதிகம். எங்கள் மேல்தோட்டத்தில் கள்ளிமந்தாரையும் காகிதப்பூவும்தான். மரத்தின் வேர்க்கட்டியை மண்ணுக்குள்ளேயே கம்பியால் இழுத்துக் கட்டுவதும் உண்டு. மேலே பார்த்தால் தெரியாது.

செடி என்றால் கொசு வருமே? இங்கே டெங்கி வேறு இருக்கிறது.

செடியால் கொசு பெருகுவதில்லை, தேங்கிய தண்ணீரால் பெருகுகிறது. மேலே சொன்ன அதே வடிகால்தான் இதற்கும் பதில். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் எங்காவது நீர் நிற்கும். அனுபவத்தில் நான் பார்த்தது, கொசுப்புழு அகப்படுவது பொதுத் தோட்டத்தைவிட வீட்டுக்குள் இருக்கும் பூத்தொட்டித் தட்டிலும் துணி காயப்போடும் கம்பத்தைச் செருகும் குழாயிலும்தான். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். புழு இருந்தால் 200 வெள்ளியிலிருந்து அபராதம்.

சின்னப் பிள்ளைகளை அங்கே விளையாட விடலாமா?

பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் விடலாம். தடுப்புகள் உயரமாகவே இருக்கும், ஏறுவதற்குக் கால் வைக்க இடம் இல்லாதபடி அமைப்பார்கள். ஆனால் நாற்காலியையோ மிதிவண்டியையோ தடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அந்த ஏற்பாடெல்லாம் பயனற்றுப் போகும்.

ஆபத்து நம் பிள்ளைக்கு மட்டுமல்ல, கீழே நடப்பவருக்கும் இருக்கிறது. ஒரு பாட்டில் கீழே விழுந்தால் உயிர் போகலாம். மாடியிலிருந்து பொருள் எறிவது இங்கே குற்றம். வழக்கின் கடுமையைப் பொறுத்து வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். பிள்ளைகளிடம் இதை விளையாட்டுக்குச் சொல்லாமல் அழுத்திச் சொல்லுங்கள்.

தீப்பிடித்தால் ஐம்பதாவது மாடியிலிருந்து எப்படி இறங்குவது?

40 மாடிக்கு மேல் போகும் குடியிருப்புக் கட்டடங்களில் 20 மாடிக்கு ஒன்றாவது புகலிடத் தளம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள தீப் பாதுகாப்பு விதி. தரைவரை இறங்க முடியாதவர்கள் அங்கே போய்ப் புகையில்லாத இடத்தில் காத்திருக்கலாம். காற்றோட்டமாகத் திறந்த நடுமாடித் தளம் இதற்குப் பொருத்தமானது. புளோக்குகளுக்கு இடையே பாலம் இருந்தால் அடுத்த புளோக்குக்கே கடந்து போய்விடலாம். மின்தூக்கியில் ஏறக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

தோட்டம் இருப்பதால் வீட்டுக்குள் வெயில் குறையுமா?

தோட்டத்துக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு நிச்சயம் குறையும். மண்ணும் செடியும் கூரைக்குப் போர்வை. மற்ற வீடுகளுக்குத் தோட்டத்தால் நேரடியாகக் கிடைக்கும் குளிர்ச்சி சொற்பம். அவர்களைக் காப்பது ஜன்னலுக்கு மேல் நீட்டிய நிழல் தட்டும் எதிரெதிர் ஜன்னல்களும்தான். பிற்பகல் வெயில் விழும் மேற்குப் பார்த்த வீட்டை வாங்கிவிட்டு, வான்தோட்டம் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்?

கட்டுவது வீவக. கட்டியபின் பராமரிப்பு நகர மன்றத்தின் பொறுப்பு. ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறது. மின்தூக்கி, விளக்கு, துப்புரவு, தோட்டம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் மாறும்.

காசைப் பற்றிப் பேசும்போது கையைப் பற்றியும் பேச வேண்டும். இந்தக் கட்டடங்களை எழுப்பியவர்களிலும் இன்று தோட்டத்தைப் பெருக்கி வெட்டி வைப்பவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஏராளம். பகல் முழுவதும் அவர்கள் காக்கும் தோட்டத்தில் மாலையில் உட்காருவது நாம். வெயிலில் வேலை செய்பவரைக் கண்டால் ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள், பெயரைக் கேட்டுப் பேசுங்கள். எங்கள் குழுவில் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொல்கிறேன்.

அங்கே ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்துக்கொள்ளலாமா? துளசி மாடம்?

நாமாக வைக்க முடியாது. முதல் பதிலில் சொன்னதுபோல் அது பொது இடம். எதை நடுவது என்பது நகர மன்றத்தின் முடிவு. எடையும் வேரும் எப்படிப்பட்ட சிக்கல் என்பதையும் பார்த்தோம். கறிவேப்பிலை மரமாக வளரக்கூடியது.

வேறு வழி உண்டு. தேசிய பூங்காக் கழகம் 2005இலிருந்து சமூகத் தோட்டங்களை ஊக்குவித்து வருகிறது. பக்கத்து வீட்டார் சிலரோடு சேர்ந்து வசிப்போர் குழு வழியாக விண்ணப்பித்தால் தரையிலோ, பலமாடிக் கார் நிறுத்தத்தின் கூரையிலோ இடம் கிடைக்கலாம். கார் நிறுத்தக் கூரைகளில் வணிக முறையில் கீரை வளர்ப்பதும் 2019இல் அங் மோ கியோவில் தொடங்கியது. எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் முருங்கையும் பண்டான் இலையும் அருகருகே நிற்கின்றன. கறிவேப்பிலை கேட்டு அதிகம் வருவது சீன அண்டைவீட்டார்தான், மீன்தலைக் கறி சமைக்க.

வயதான அம்மா, அப்பாவோடு சேர்ந்து இருக்க ஏற்றதா?

ஏற்றதுதான், மின்தூக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டாசனிலேயே ஸ்கைடெரஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. 2015இல் முடிந்தது, 758 வீடுகள். அங்கே பெற்றோருக்கான சிறு வீட்டையும் பிள்ளைகளின் பெரிய வீட்டையும் இணைத்துக் கட்டிய இரட்டை வீடுகள் உண்டு. இடையில் ஒரு கதவு. திறந்தால் கூட்டுக் குடும்பம், சாத்தினால் தனிக்குடித்தனம். நம் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

முதியவர்களுக்கென்றே பார்ப்பதானால் உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்டி. 11 மாடிதான், 104 சிறு வீடுகள். கீழே சதுக்கம், அதன்மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், அதற்கும் மேலே படிப்படியாக ஏறும் தோட்டங்கள், குழந்தைப் பராமரிப்பு நிலையமும் முதியோர் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

நான் இந்தியர். இந்த மாதிரிப் புளோக்கில் வீடு வாங்குவதில் ஏதோ இனக் கணக்கு இருக்கிறதாமே?

இருக்கிறது. 1989இலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு புளோக்கிலும், பல புளோக்குகள் சேர்ந்த பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு. இந்தியர் மற்றும் பிறருக்குப் பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. வரம்பு நிறைந்துவிட்டால், அந்தப் புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்கும் வீட்டைத்தான் இன்னோர் இந்தியர் வாங்க முடியும்.

வாங்கும்போதைவிட விற்கும்போது இது அதிகம் உறுத்தும். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் நம் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சுருங்குகிறது, விலை இறங்குகிறது. அந்த இழப்பு உண்மையானது. நீண்ட நாள் விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளரிடமிருந்து, சில நிபந்தனைகளோடு, வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் வழி 2022இல் வந்தது.

இவ்வளவும் தெரிந்தும் நான் இந்தக் கொள்கையின் பக்கம்தான் நிற்கிறேன். மேலே சொன்ன பெஞ்சில் மலாய்ப் பாட்டியும் சீனத் தாத்தாவும் நானும் சந்தித்துக்கொள்வது இதனால்தான். தோட்டம் இடத்தைத் தந்தது, யார் அங்கே வந்து சேர்வது என்பதை இந்த விதி முடிவு செய்தது. ஆனால் அதன் சுமையைச் சிறுபான்மையினர் கூடுதலாகச் சுமக்கிறார்கள், அதை இன்னும் குறைக்க வேண்டும்.

பினக்கல் வீடு பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கிறதாம். அப்புறம் அது என்ன பொது வீடு?

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் கேள்வி இது. 2004இல் அந்த வீடுகள் விற்பனைக்கு வந்தபோது நாலறை வீடு ஏறத்தாழ 290,000 வெள்ளியில் தொடங்கியது. 5 ஆண்டு குடியிருந்தபின் மறுவிற்பனை செய்யலாம் என்பது விதி. 2016இலிருந்து அங்கே பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய விற்பனைகள் நடந்து வருகின்றன. மக்கள் பணத்தில் சலுகை கொடுத்துக் கட்டிய வீடு, முதலில் குலுக்கலில் கிடைத்தவருக்குப் பெரும் லாபமாகிவிட்டது. அவர் தவறு செய்யவில்லை, விதி அனுமதித்ததைச் செய்தார். ஆனால் அடுத்து வருகிற சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வான்தோட்டம் எட்டாமல் போயிற்று.

அதைச் சரிசெய்ய 2021இல் நகர மைய வீடுகளுக்குப் புதிய விதி கொண்டுவந்தார்கள். 10 ஆண்டு குடியிருந்தால்தான் விற்கலாம், விற்கும்போது கூடுதல் சலுகையின் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும், வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து புதிய வீடுகளை ஸ்டாண்டர்டு, பிளஸ், பிரைம் என்று மூன்றாகப் பிரித்து, பின்னிரண்டுக்கும் இந்த இறுக்கத்தை வைத்திருக்கிறார்கள். வான்தோட்டத்தைக் காரணம் காட்டி விலை ஏறுவது தோட்டத்தின் குற்றமல்ல. அது எல்லாப் புதிய பேட்டைகளிலும் சாதாரணமாகிவிட்டால் அந்தக் கூடுதல் விலையும் தானாகக் கரையும் என்பது என் எண்ணம்.

99 ஆண்டு முடிந்தபின் தோட்டமும் வீடும் என்ன ஆகும்?

வீடு வீவகவிடம் திரும்பிவிடும். மூத்த புளோக்குகளே இன்னும் அந்த எல்லையை எட்டவில்லை. 70 ஆண்டு தாண்டிய பேட்டைகளில், வசிப்போர் வாக்களித்து முன்கூட்டியே ஒப்படைக்கும் ஒரு திட்டத்தை அரசாங்கம் 2018இல் அறிவித்தது. வீட்டை ஆண்டாண்டுக்கும் வம்சத்துக்குச் சேரும் சொத்தாக நினைத்து வாங்க வேண்டாம்.

நாங்கள் பழைய புளோக்கில் இருக்கிறோம். வான்தோட்டமெல்லாம் எங்களுக்கு இல்லையா?

உங்களிடம் நீளத் தாழ்வாரம் இருக்கிறது. 1970களில் கட்டிய பல புளோக்குகளில் ஒரு மாடியின் எல்லா வீடுகளும் ஒரே தாழ்வாரத்தில் திறக்கும். எல்லாரும் எல்லார் வாசலையும் கடந்துதான் போக வேண்டும். பாலத்தோட்டம் கட்டுகிறவர்கள் தேடுவது அதைத்தான். துளசித் தொட்டியையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் வாசல் ஓரமாக வையுங்கள். அங்கே அனுமதி உண்டு, கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள். தீயணைப்பாளரும் தள்ளுநாற்காலியும் போக 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அளந்து பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு முக்காலியும் போட்டுக்கொள்ளுங்கள்.